வாய் வைக்காத பை

பேக்பைப் என்னும் காற்றுவாத்தியம் செய்யும் பட்டறைக்கு வேலை கற்க வருகிறவர்கள் யாரும் பை தைக்க ஆசைப்பட்டு வருவதில்லை. கடைசல் இயந்திரத்தில் கறுத்த மரம் சுருள் சுருளாக உரிவதைப் பார்த்து மயங்கி வருகிறார்கள். வெள்ளி வளையத்துக்கும் பழைய தந்தப் பூணுக்கும் ஆசைப்பட்டு வருகிறார்கள். பை என்பது வாசிப்பவரின் அக்குளுக்குள் இருக்கும் தோல் மூட்டை. அதன் மேலும் ஒரு வெல்வெட் உறை. யார் கண்ணிலும் படாது. நானும் விரும்பி அந்த மேசையில் உட்காரவில்லை. மூவாரில் ஒரு சோபா தொழிற்சாலையில் தோல் தைத்துக்கொண்டிருந்தேன். திருமணமாகி குளுவாங்குக்கு வந்தபோது இந்தப் பட்டறையில் தோல் ஊசி பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். வந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த மேசைதான்.

இப்போது பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவரில் ஒருவர் அங்கே உட்காரப் போகிறீர்கள். தையல் எப்படிப் போடுவது, நூலுக்கு எவ்வளவு மெழுகு தேய்ப்பது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. கை செய்து செய்து தானாகக் கற்றுக்கொள்ளும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பையைப் பற்றி. 

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் தனியாக உட்கார்ந்திருப்பார். பேக்பைப்பில் மூன்று ஒத்துக்குழல்கள் வாசிப்பவரின் தோளிலேயே சாய்ந்திருக்கும். நாலாவது குழலில் விரல் ஓடும். இந்த நாலுக்கும் காற்று கொடுப்பது பை. பைக்குக் காற்று கொடுப்பது ஒரு மனிதரின் நுரையீரல். இதை எல்லோரும் அறிவோம். ஆனால் வாய் வைத்து ஊதும் ஊதுகுழலில், காற்றைத் திரும்ப விடாத வால்வு தேய்ந்துபோனால், பைக்குள் இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மனிதரின் வாய்க்குத் திரும்பி வரும். அதை நான் அறிந்திருந்தும் அறியாதவள் மாதிரி இருந்தேன்.

விக்டர் சார் சிகாமட்காரர். செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஐம்பத்து இரண்டு வயது, நல்ல உயரம், பேசும்போதே சிரித்துவிடுவார். அவருடைய தாத்தா பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் டிரெஸராக இருந்தவர். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, கட்டுப் போட்டவர். அந்தத் தோட்டத்தின் ஸ்காட்லாந்துக்காரத் துரை ஊருக்குக் கப்பல் ஏறியபோது தன் பேக்பைப்பைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். துரை கொண்டுவரும்போதே அது பழையது. எங்கள் பெரிய தச்சர் அதன் குழல்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நூறு வருடத்துக்கு மேல் இருக்கும் என்றார். அதைத் தாத்தா வாசித்தார், அப்பா வாசித்தார், பிறகு விக்டர் சார். சிகாமட்டில் அவர்கள் கோயிலில் திருவிழா என்றாலும் சரி, இறந்தவரைக் கல்லறைக்குக் கொண்டுபோவது என்றாலும் சரி, சிலுவைக்குப் பின்னால் அவர்தான் வாசித்துக்கொண்டு நடப்பார்.

பை ஒழுகுகிறது என்று கொண்டுவந்தார். புதுப் பை போட்டுவிடலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வேணாம் சிஸ்டர். பையை மட்டும் மாத்திடாதீங்க. தாத்தா கட்டிப்பிடிச்ச தோலு அது. எங்கப்பா வேர்வை, என் வேர்வை எல்லாம் அதுலதான் இருக்கு. ஒட்டுப் போட்டாவது குடுத்திடுங்க."

எனக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போனது. பழைய பொருளின் மேல் கைவைக்கிறோம், அசலாக எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவும் நல்லது என்று நாங்களே வருகிறவர்களிடம் சொல்வதுதானே. சரி என்றேன்.

குழல்களைக் கழற்றிவிட்டுப் பையின் வாயை விரித்துப் பார்த்தேன். ஒரு வாடை அடித்தது. மழைக்காலத்தில் காலோடு நனைந்து, காயாமலே அலமாரிக்குள் போன சப்பாத்தின் வாடை. விளக்கை உள்ளே பிடித்தேன். தையல் ஓரமெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஜொகூரின் ஈரத்தில் எந்தத் தோலும் பூஞ்சணம் பிடிக்கும், அது புதிதில்லை. ஆனால் அவ்வளவு ஆழமாக நான் பார்த்ததில்லை. துடைத்தேன், காயவைத்தேன், திரும்பத் துடைத்தேன். வாடை குறைந்தது, போகவில்லை. பிறகு தோலில் காற்று கசியாமல் அடைக்கும், தேனும் கிளிசரினும் கலந்த பதத்தை வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே ஊற்றிப் பிசைந்தேன். ஒழுகல் நின்றது. வாடையும் அடங்கினாற்போல இருந்தது. பூஞ்சணத்துக்கு நானே சர்க்கரை ஊட்டிவிட்டேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஊதுகுழலின் தோல் வால்வும் தளர்ந்திருந்தது. அதுவும் அசல் என்று அப்படியே விட்டேன்.

சீட்டில் 'பழைய பை, நல்ல நிலை' என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன். விக்டர் சார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும், அவர் மனைவி ஸ்டெல்லா போன் செய்தார்.

"அக்கா, குழலுக்குச் சீவாளி ஒண்ணு கொஞ்சம் இளசா வேணும். கடினமா இருக்குன்னு சொல்றாரு. அவருக்கு மூச்சு பத்த மாட்டேங்குது."

"ஏம்மா, சாருக்கு உடம்பு சரியில்லையா?"

"அதை ஏன் கேக்குறீங்க. காய்ச்சல், இருமல், படி ஏறினா மூச்சு வாங்குது. ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில படுத்தாச்சு. நிமோனியான்னாங்க, அப்புறம் காசநோயான்னு பாத்தாங்க, அதுவும் இல்லேன்னுட்டாங்க. அங்க இருந்தா நல்லாயிடுறாருக்கா. பத்து நாள்ல எழுந்து நடக்குறாரு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் ஆனா மறுபடியும் ஆரம்பிச்சிடுது. வீட்டுல ஏதோ இருக்குன்னு எங்க மாமியார் தண்ணி மந்திரிச்சுத் தெளிக்கிறாங்க."

வீட்டுக்கு வந்தால் அவர் வாய் வைப்பது அந்தப் பையில் என்பது எனக்கு உறைத்தது.

"இப்ப எங்க இருக்காரு?"

"ஆஸ்பத்திரியிலதான். இன்னைக்கு மத்தியானம் விடுறாங்க. ஞாயித்துக்கிழமை திருவிழா, வாசிச்சே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாரு. வந்ததும் எடுத்து ஊதிப் பாப்பாரு. அதான் சீவாளி..."

"சரிம்மா. பாக்குறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதைத்தான் சொன்னேன். பையைத் தொடவிடாதே என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். எனக்கு நிச்சயமாகத் தெரியாதே, நான் டாக்டரா, வீணாகப் பயமுறுத்துவதா என்று ஒரு மனம் சொன்னது. உன் தலை உருளும் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவதுதான் முதலாவதன் வாயில் பேசிக்கொண்டிருந்தது.

எங்கள் பெரிய தச்சரை நாங்கள் சிஃபு என்று கூப்பிடுவோம். சீனர். லாயாங் லாயாங் என்ற ஊரில், தமிழ்த் தொழிலாளர் குடியிருந்த தோட்ட லயத்துக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் நம்மைப்போலவே தமிழ் பேசுவார். கடைசல் இயந்திரத்தில் குனிந்திருந்தவரிடம் போய் நின்றேன். வாடை, பச்சை, ஸ்டெல்லாவின் போன் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நிச்சயமா தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது சிஃபு. முதல்ல நல்லா யோசிச்சு, விசாரிச்சு, அப்புறம்..."

அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. சுற்றும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார். "நான் சின்ன வயசுல ஒரு பழைய குழலைக் கெடுத்துட்டேன். உள்துளையில கத்தி ஒரு மயிரளவு கூட இறங்கிடுச்சு. அதோட அந்தக் குழல் செத்துச்சு. மெஷின் சுத்திக்கிட்டு இருக்கும்போதே ஓனருக்குப் போன் போட்டுட்டேன். ஏன் தெரியுமா? மெஷினை நிறுத்திட்டா உக்காந்து யோசிப்பேன் லா. யோசிச்சா எனக்குச் சாதகமாத்தான் யோசிப்பேன். போ, போன் பண்ணு."

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். மருத்துவமனையில் மனைவிமார்கள் போனைக் கைப்பைக்குள் போட்டு வைத்திருப்பார்கள். செய்தி எழுதி அனுப்பினேன்: 'சார் பேக்பைப்பைத் தொட வேண்டாம். நான் வருகிறேன்.' பார்த்ததற்கான அடையாளம் வரவே இல்லை.

சிஃபுதான் வேனை எடுத்தார். யோங் பெங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. லாபிஸ் பக்கம் சாலையில் ஓரிடத்தில் தண்ணீர் நின்று, ஒரு பக்கம் மட்டும் வண்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி அசைய மறுத்தது; அங்கேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்தேன்.   என்ன சொல்லித் தொடங்குவது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் 'எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது' என்றுதான் தொடங்கியது. அது பொய் என்று எனக்கே கேட்டது.

சிகாமட்டில் அவர்கள் இருக்கும் தாமான் குடியிருப்புக்குள் திரும்பும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மழை விட்டிருந்தது. வேன் கண்ணாடியை இறக்கினேன்.

ஒத்து கேட்டது.

மூன்று குழல்களும் சேர்ந்து அடிக்கும் அந்த நீண்ட ஒரே சுருதியை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். எங்கள் பட்டறையில் அது வந்தால் எல்லோரும் சிரிப்போம், வேலை முடிந்தது என்று அர்த்தம். அன்று அதைக் கேட்டதும் அவர் ஏற்கெனவே வாய் வைத்துவிட்டார் என்று புரிந்தது. வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி ஓடினேன். கேட் திறந்தே இருந்தது. கூடத்தில் சட்டை கழற்றாமல், மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டையோடு விக்டர் சார் நின்று ஊதிக்கொண்டிருந்தார். கன்னம் உப்பியிருந்தது. கண் என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஓடிப்போய்ப் பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துவிட்டேன். ஒருவர் வாசிக்கும்போது பையைத் தொடுவது எங்கள் தொழிலில் யாரும் செய்யாத காரியம். சுருதி கோணிக்கொண்டு, முனகி, நின்றது.

"என்ன சிஸ்டர்? என்னாச்சு?"

"ஊதாதீங்க சார். வாயிலேருந்து எடுங்க. இந்தப் பைதான்... இதனாலதான் உங்களுக்கு இப்படி ஆகுதோன்னு எனக்குப் பயமா இருக்கு."

ஸ்டெல்லா சமையலறையிலிருந்து வந்தார். சிஃபு வாசலிலேயே நின்றுவிட்டார். நான் நின்றபடியே சொன்னேன். உள்ளே பூஞ்சணம் இருந்தது, முழுதாகப் போகவில்லை, பதத்தை ஊற்றி மூடினேன், தளர்ந்த வால்வு வழியாக அது சாரின் நெஞ்சுக்குள் போயிருக்கலாம் என்றேன். நிச்சயமாகத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

விக்டர் சார் பையை இறக்கி நாற்காலியில் வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, நம்பிக்கைதான் வரவில்லை. "தாத்தா காலத்துலேருந்து ஊதுறோம் சிஸ்டர். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார்.

ஸ்டெல்லாதான் கேட்டார். குரல் உயரவில்லை.

"பை தைச்சா காத்து நிக்குதான்னு ஊதிப் பாப்பீங்கதானே அக்கா?"

"பாப்போம்மா."

"இதை ஊதிப் பாத்தீங்களா?"

அந்தக் கேள்வியை நான் வழியெல்லாம் எதிர்பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாத விஷயம் அது, சிஃபுவுக்குக்கூட. ஆமாம் என்று சொன்னால் அதோடு போயிருக்கும். நானும் வாய் வைத்தேன், எனக்கும் தெரியவில்லை, பாவம் என்று ஆகியிருக்கும்.

"இல்லை" என்றேன். "வாடையா இருந்துச்சு. வாய் வைக்க மனசு வரல. கைப்பம்ப் வச்சுத்தான் காத்தடிச்சுப் பாத்தேன்."

 ஸ்டெல்லா "உங்க வாய்க்கு ஆகாதது அவரு வாய்க்கு ஆகுமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். 

ஆறு மணிக்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. உதடு நீலம் பாரித்தது. அவரை உட்காரவைத்து வேனிலேயே கொண்டுபோனோம். பையை நான் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். மருத்துவமனையில் நுரையீரல் டாக்டர் ஓர் இளம் பெண். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். "காலையில காய்ச்சல் இல்லை. எத்தனை மணிக்கு வாசிச்சார்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். பையை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நான் தினமும் பட்டறைக்குப் போனேன்.  சிஃபு என்னிடம் தையல் வேலை கொடுக்கவில்லை. பதிவேட்டை எடுத்து என் முன் வைத்தார். நான் பதம் ஊற்றிக் கொடுத்த பழைய பைகளின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். ஊதாதீர்கள், கொண்டுவாருங்கள் என்றேன். சிலர் பதறினார்கள், சிலர் திட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழு எங்களிடம் வருவதையே நிறுத்திவிட்டது. வந்த பைகளையெல்லாம் முகமூடி போட்டுக்கொண்டு திறந்து பார்த்தோம். இரண்டில் அதே பச்சை இருந்தது. அந்த இரண்டையும் ஊதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள். விக்டர் சாருக்கு மட்டும் ஏன் ஆனது என்பதும் தெரியாது. சில உடம்பு அதை ஏற்காது என்று டாக்டர் சொன்னார்.

முடிவு வந்தது. பையில் இருந்த பூஞ்சணம்தான். அதன் தூளுக்கு நுரையீரல் வீங்கிக்கொள்கிறது, ஊதுவதை நிறுத்தினால் வீக்கம் வடிகிறது, திரும்ப ஊதினால் திரும்ப வீங்குகிறது. இன்னும் சில மாதம் போயிருந்தால் திரும்பியிருக்கவே முடியாது என்றார்கள். மருந்து நீண்ட நாள் ஓடியது. விக்டர் சார் பிழைத்தார். ஆனால் நுரையீரலின் அடிப்பகுதி தழும்பாகிவிட்டது. ஆலையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறினார். இனி எந்தக் குழலையும் ஊதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்குப் பிறகு பட்டறையில் ஒரு முடிவெடுத்தோம். எவ்வளவு அரிய பழைய பையானாலும் அது பெட்டிக்குள் போகும். பார்க்கலாம், அளக்கலாம், படம் பிடிக்கலாம். மனிதர் வாய் வைப்பது புதுப் பையில்தான். சொந்தக்காரர் அழுதாலும் அதுதான். அழுவார்கள், பாருங்கள். அவர்களோடு சேர்ந்து நீங்களும் உருகிவிடுவீர்கள், நான் உருகினேனே. அந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். பழைய பொருள் மேல் நமக்கு இருக்கும் பிரியம் எளிதில் சோம்பலோடு கூட்டுச் சேர்ந்துவிடும்.

ஒன்றரை வருடம் கழித்து ஸ்டெல்லா பட்டறைக்கு வந்தார். கூடவே சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ரோஸ்லின், அந்த நூறு வருடக் குழல்களைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். விக்டர் சார் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். தோல் தூசியும் மரத் தூசியும் அவருக்கு ஆகாது. கண்ணாடி வழியாக எனக்குக் கையசைத்தார்.

"இவ வாசிக்கணும்ங்கிறா" என்றார் ஸ்டெல்லா. "நான் வேணாம்னுதான் சொன்னேன். அப்பாவும் மகளும் ஒண்ணு சேந்துட்டாங்க. வேற எடத்துக்குப் போகலாம்னேன். அதுக்கும் அவரு ஒத்துக்கல. புதுப் பை தைச்சுக் குடுங்க. ஆனா நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன்."

உட்கார்ந்தார். மூன்று நாள். குளுவாங்கில் தன் தங்கையின் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்து, என் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு, நான் தோல் வெட்டுவதிலிருந்து கடைசி முடிச்சு வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தார். இது என்ன, அது எதற்கு, ஏன் திரும்பப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.  மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தேன். "தைங்க" என்றார். அந்த மூன்று நாள் தைத்த மாதிரி நான் வாழ்க்கையில் ஒருபோதும் தைத்ததில்லை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சாட்சி இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் சிஃபு குழல்களைப் பொருத்தினார். புது வால்வு போட்டார். ரோஸ்லின் தோளில் சாய்த்துக்கொண்டு ஊதினாள். முதலில் பிசிறடித்தது, பிறகு ஒத்து மூன்றும் சேர்ந்துகொண்டன. அவள் விரல் வைத்து, அப்பா சவ ஊர்வலத்தில் கல்லறைக்கு நடக்கும்போது வாசித்த மெட்டை மெதுவாக எடுத்தாள். வெளியே அன்றும் விக்டர் சார் உட்கார்ந்திருந்த காரின் கண்ணாடி கீழே இறங்குவது தெரிந்தது. சிஃபு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் மெட்டைக் கேட்கவில்லை. மகளின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவர் மூச்சு நின்றது, அவள் ஊதியதும் விட்டார். ஒரு தடவை ரோஸ்லின் இடையில் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, திரும்பத் தொடங்கினாள். அந்தச் செருமலுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டோம்.